வீழ்ந்தோர் பிள்ளைகளின் உயர்கல்வி: நாடு தீர்க்க வேண்டிய கடன்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் மலையகத் தோட்டக் குடியிருப்புகளில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே குடிபுகுகின்றன. நானுஓயாவைச் சூழ்ந்த ரதல்ல, எடின்பரோ, கிளாசோ, டெஸ்போட் ஆகிய தோட்டங்களிலும் இதுவே நிலைமை. பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானது மகிழ்ச்சி. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ நான்காண்டுகள் தங்கிப் படித்து முடிப்பதற்கான செலவை எங்கே தேடுவது என்பது கவலை. 1945 முதல் நடைமுறையிலுள்ள இலவசக் கல்வி கற்கைக் கட்டணத்தை நீக்கியதே தவிர, விடுதிச் சாப்பாட்டுக்கும் பஸ் கட்டணத்துக்கும் விலையில்லாமற் செய்துவிடவில்லை.

உழைக்கும் தந்தை இல்லாத வீட்டில் இக்கவலை இரட்டிப்பாகின்றது. அத்தந்தை நாட்டின் சீருடை அணிந்து கடமையில் உயிர்நீத்தவராயின், அப்பிள்ளையின் உயர்கல்விக்குப் பொறுப்பாளர் யார்? நாடே பொறுப்பேற்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை. ஆயினும் அப்பொறுப்பு, விரும்பும்போது வழங்கும் கருணையா, பிள்ளை கேட்டுப் பெறத்தக்க உரிமையா என்பதே ஆராயப்பட வேண்டிய கேள்வியாகும்.

இக்கேள்வியை இப்போது எழுப்புவதற்குக் காலம் சார்ந்த காரணமும் உண்டு. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவடைந்தது. அவ்வாண்டில் பிறந்த குழந்தை 2028 அளவில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும். பல்கலைக்கழகம் புகுந்து பட்டத்துடன் வெளியேறும்போது 2030களின் நடுப்பகுதி ஆகிவிடும். யுத்தம் பழங்கதையாகிவிட்டது என்று எண்ணுவோர், அதன் கடைசிப் பிள்ளைகள் உயர்கல்வியின் வாசலையே இன்னும் கடந்து முடிக்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

இரு மரபுகள் கூறும் ஒரே நீதி

வீழ்ந்தவரின் குடும்பத்தைத் தாங்குவது எமது சமூகங்களுக்குப் புதிய சிந்தனையன்று. ஆநிரை மீட்பதிலோ ஊரைக் காப்பதிலோ உயிர் துறந்தவனுக்கு நடுகல் நாட்டிய தமிழ்ச் சமூகம், கல் நாட்டியதுடன் தன் கடமை தீர்ந்ததென்று கருதவில்லை. அவனது குடும்பத்தினருக்கு நிலமும் வழங்கியது. அந்நிலத்தைத் தமிழகக் கல்வெட்டுகள் 'உதிரப்பட்டி' என்றும் 'நெத்தோர்பட்டி' என்றும் குறிப்பிடுகின்றன. உதிரம், நெய்த்தோர் ஆகிய இரண்டும் இரத்தத்தையே குறிக்கும் சொற்கள். இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய அம்சங்கள் இரண்டு. வழங்கப்பட்டது ஆண்டுதோறும் விளைந்து பயன்தரும் நிலம். ஒருநாட் பசி தீர்க்கும் சோறு அன்று. அவ்வழங்கல் வாய்மொழி வாக்காக விடப்படாமல் கல்லில் வெட்டப்பட்டது. ஆள்வோர் மாறியபோதும் எழுத்து நின்றது.

இஸ்லாமிய மரபு இவ்விடயத்தில் மேலும் கண்டிப்பானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்தையின் முகத்தைக் காணாமலே பிறந்தவர்கள். அநாதைகளின் சொத்தைப் பராமரிப்போர் அதனை விழுங்கிவிடலாகாது. பிள்ளைகள் பருவமடைந்து, தம் காரியங்களைத் தாமே நடத்தும் தெளிவு பெற்றதும், உரியதைச் சாட்சிகளின் முன்னிலையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் விதிக்கும் ஒழுங்கு. பாதுகாவலன் கையிலிருப்பது அவனுடைய பணமன்று, அமானிதம் என்பதே அதன் உட்பொருள். பிள்ளை வாழ்க்கைக்குத் தகுதி பெறும்வரை பொறுப்பு முடிவதில்லை என்பதும் அதிலிருந்து பெறப்படுகின்றது. நிலமும் மந்தையும் சொத்தாக இருந்த காலம் மாறி, கல்வியே சொத்தாகியுள்ள இக்காலத்தில் அவ்வொழுங்கை உயர்கல்விக்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறேதுமில்லை.

உலக நாடுகளின் அனுபவம்

நவீன அரசுகளில் இக்கடமையைச் சட்டமாக்கியவற்றுள் பிரான்ஸ் முன்னோடியானது. முதலாம் உலகப் போர் நடந்து கொண்டிருக்கையிலேயே, 1917 ஜூலை 27 ஆம் திகதிய சட்டத்தின் மூலம், போரில் தந்தையை இழந்த பிள்ளைகளை 'தேசத்தின் பிள்ளைகள்' என அது ஏற்றுக்கொண்டது. தாய் உயிருடன் இருப்பினும் நாடும் ஒரு பெற்றோரின் பொறுப்பைத் தாங்கும் என்பதே அச்சட்டத்தின் கருத்து. அவுஸ்திரேலியா 1921 இல் படைவீரர் பிள்ளைகளுக்கான கல்வித் திட்டத்தை ஆரம்பித்தது.

அமெரிக்காவில் 1944 ஆம் ஆண்டின் சட்டம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது. திரும்பி வராதவர்களின் பிள்ளைகளுக்கு அக்கதவு திறப்பதற்கு மேலும் 12 ஆண்டுகள் சென்றன. போர் அநாதைகளின் கல்வி உதவிச் சட்டம் 1956 இலேயே நிறைவேறியது. 2001 செப்டெம்பர் 11 ஆம் திகதிக்குப் பின்னர் கடமையில் உயிரிழந்தோரின் பிள்ளைகளுக்காக 2009 இல் கொண்டுவரப்பட்ட புலமைப்பரிசில், அரச பல்கலைக்கழகக் கட்டணத்துடன் வீட்டு வாடகைக்கும் புத்தகங்களுக்கும் சேர்த்தே பணம் வழங்குகின்றது. 36 மாதங்கள் வரை இதனைப் பெறலாம். கட்டணம் வேறு, வாழ்க்கைச் செலவு வேறு என்பதை அத்திட்டம் உணர்ந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

அயல்நாடான இந்தியாவின் அனுபவத்தில் எமக்குரிய பாடம் வேறொன்று. 1971 ஆம் ஆண்டுப் போரையடுத்து, உயிரிழந்த மற்றும் அங்கவீனமுற்ற படையினரின் பிள்ளைகளுக்குக் கற்கைக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் முழுமையாக வழங்கும் திட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. 45 ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலை முதல், மாதமொன்றுக்கு 10,000 ரூபா என்ற உச்சவரம்பு அதற்கு விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோர் ஏறக்குறைய 250 மாணவர்களே. அரசுக்கு மிஞ்சுவதாகக் கணக்கிடப்பட்ட தொகையும் ஆண்டொன்றுக்குச் சுமார் 3.2 கோடி ரூபாவே. ஆயினும் முப்படைகளிலிருந்தும் எழுந்த எதிர்ப்பின் காரணமாக 2018 மார்ச்சில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. நிர்வாகக் கட்டளையால் கொடுக்கப்பட்டது நிர்வாகக் கட்டளையால் குறைக்கப்படவும் கூடும் என்பதை இச்சம்பவம் எடுத்துக்காட்டியது. உதிரப்பட்டியைக் கல்லில் வெட்டியவர்கள் இதனை முன்னரே அறிந்திருந்தனர் போலும்.

இலங்கையில் உள்ளவையும் இல்லாதவையும்

இலங்கையில் இதற்கான ஏற்பாடு அறவே இல்லையெனக் கூறுவது நியாயமாகாது. 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ரணவிரு சேவா அதிகாரசபை உருவாக்கப்பட்டது. முப்படையினரிலும் பொலிஸாரிலும் கடமையில் உயிரிழந்தோர், காணாமற்போனோர், அங்கவீனமுற்றோர் ஆகியோரின் குடும்ப நலனைக் கவனிப்பது அதன் பணி. பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில்களும் அப்பணியில் அடங்கும். கடமையில் வீழ்ந்தவரின் சம்பளம் குடும்பத்துக்குத் தொடர்ந்து கிடைக்கும் ஏற்பாடும் உண்டு. படையினரதும் பொலிஸாரதும் பிள்ளைகளுக்கெனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தனது அனுமதிக் கைந்நூலில் சிறப்பு அனுமதிப் பிரிவொன்றையும் வைத்துள்ளது. சாதாரண அனுமதிப் பட்டியலில் இடம் கிடைக்காத போதும் இப்பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்பதை அறியாத குடும்பங்கள் அதற்குரிய காலத்தைத் தவறவிடக்கூடும். பெற்றோரும் ஆசிரியர்களும் கைந்நூலின் அப்பகுதியை அவசியம் வாசிக்க வேண்டும்.

இவற்றுக்குப் புறம்பாக, சீருடையினரின் பிள்ளை, தொழிலாளியின் பிள்ளை என்ற பேதமின்றி, குடும்ப வருமானத்தையும் பெறுபேற்றையும் கருத்திற்கொண்டு வழங்கப்படும் மகாபொல புலமைப்பரிசில் உள்ளது. 1981 ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்ட அந்நிதியம் அமரர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் உருவானது. நீண்டகாலம் 5,000 ரூபாவாக இருந்த மகாபொல மாதத் தொகையை 7,500 ரூபாவாகவும், 4,000 ரூபாவாக இருந்த மாணவர் உதவித்தொகையை 6,500 ரூபாவாகவும் 2025 ஏப்ரல் முதல் உயர்த்துவதற்கு அவ்வாண்டின் வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. உயர்வு வரவேற்கத்தக்கதே. எனினும் 7,500 ரூபாவை 30 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாவே. ஒருவேளைச் சாப்பாட்டுக்கே அது போதுமா என்பதை, நகரங்களில் உணவுப் பொட்டலம் வாங்கும் எவரும் கூறிவிடுவர்.

ஆகவே எமது நாட்டுப் பிரச்சினையின் மையம் கற்கைக் கட்டணமன்று, வாழ்க்கைச் செலவேயாகும். மேலும், உதவிகள் பலவும் பல்கலைக்கழகத்தையே இலக்காகக் கொண்டவை. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத பிள்ளை பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கோ, தொழில்நுட்பக் கல்லூரிக்கோ, கட்டணம் செலுத்திப் பயிலும் திறந்த பல்கலைக்கழகத்துக்கோ செல்ல நேரிடலாம். தந்தையை இழந்த துயரம் இப்பிள்ளைக்குக் குறைவானதன்று. உதவி மட்டும் குறைய வேண்டியதேன்?

காணாமற்போனோரின் பிள்ளைகளது நிலைமை தனியாகக் கவனிக்கத்தக்கது. மரணச் சான்றிதழ் இன்றிக் கோப்பு நகராது. சான்றிதழ் பெறுவதோ கணவர் இறந்துவிட்டார் என மனைவி தன் கையாலேயே ஒப்பமிடுவதற்குச் சமம். இச்சங்கடத்தைக் கருதியே, மரணங்களைப் பதிவு செய்யும் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டு, காணாமற்போனமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு இடமளிக்கப்பட்டது. கல்வி உதவி வழங்கும் எந்த நிறுவனமும் இதனை முழுமையான ஆவணமாக ஏற்க வேண்டும்.

எமது சமூகங்களும் அப்பட்டியலில் உள்ளன

படைவீரர் குடும்பங்களின் நலன் என்றதும் அது பெரும்பான்மைச் சமூகத்தின் விடயம் எனத் தமிழ், முஸ்லிம் வாசகர்கள் ஒதுங்கிவிடுவதுண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. மலாயர்களைக் கொண்டு பிரித்தானியர் அமைத்த இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873 இல் கலைக்கப்பட்டபோது, அதன் வீரர்களுள் பலர் பொலிஸ் சேவைக்கும், சிலர் மலையகப் பெருந்தோட்டங்களின் மேற்பார்வைப் பணிகளுக்கும் சென்றனர். அண்மைக்கால யுத்தத்திலும் முஸ்லிம்களும் மலாயர்களும் சீருடையில் வீழ்ந்துள்ளனர். 1996 ஜூலையில் முல்லைத்தீவுச் சமரில் உயிரிழந்த கேணல் ஏ.எப். லாபீருக்கு நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணய வழங்கப்பட்டது. இராணுவப் புலனாய்வு அதிகாரி நிசாம் முத்தலிப் 2005 மே மாதத்தில் கொழும்பில் கொல்லப்பட்டார். பெயர் அறியப்பட்ட அதிகாரிகளுக்கு நினைவுகூரல்கள் உண்டு. பெயரறியாத சிப்பாயினதும் பொலிஸ் கான்ஸ்டபிளினதும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அண்டை வீட்டாரின் அக்கறை கூடக் கிடைப்பது அரிது.

மலையகத் தமிழரின் பெயர்கள் அப்பட்டியலில் அருகியே காணப்படுவதற்கும் காரணம் உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. நாட்டின் பிரஜையாகவே ஏற்கப்படாதவருக்கு அரச சேவையின் எந்த வாயிலும் திறந்திருக்கவில்லை. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே இறுதித் தீர்வைத் தந்தது. இரண்டு தலைமுறையினர் அதற்குள் தம் வாழ்நாளைக் கொழுந்து மலைகளில் கழித்துவிட்டனர்.

யுத்தத்தில் வீழ்ந்தோர் சீருடையினர் மாத்திரமல்லர் என்பதையும் கூறாதுவிட முடியாது. வன்னியில் ஷெல் வீச்சுகளில் பெற்றோரை இழந்த தமிழ்ப் பிள்ளைகள், 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தந்தையரைப் பறிகொடுத்த முஸ்லிம் பிள்ளைகள், எல்லைக் கிராமங்களில் இரவோடிரவாக அநாதைகளாக்கப்பட்ட சிங்களப் பிள்ளைகள் ஆகியோரும் இந்நாட்டின் பிள்ளைகளே. தந்தை எந்தப் பக்கத்தில் நின்றார் என்பது பிள்ளை செய்த தெரிவன்று. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட இழப்பீடுகளுக்கான அலுவலகத்திற்கு இவர்களையும் கவனிக்கும் கடப்பாடு உண்டு. படைவீரரின் பிள்ளைக்குக் கிடைப்பதைக் குறைக்குமாறு நாம் கோரவில்லை. அதே அளவுகோலால் மற்றப் பிள்ளைகளையும் அளக்குமாறே கோருகின்றோம்.

தேயிலை மலையில் வீழ்ந்தவர்கள்

அவ்வளவுகோலை நானுஓயாவுக்குக் கொண்டுவந்தால் காணக்கிடைப்பது என்ன? கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டியும், மரம் முறிந்து விழுந்தும், மண்மேடு சரிந்தும் தொழிலாளர் இறந்த செய்திகள் எமது பத்திரிகைகளுக்குப் புதியனவல்ல. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தரும் தொழிலில் ஈடுபட்டிருக்கையில் இறந்த தாயின் பிள்ளைக்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் நட்டஈட்டை உறுதி செய்கின்றது. நீண்டகாலம் 5.5 இலட்சம் ரூபாவாக இருந்த அதன் உச்சவரம்பு 2022 இல் 20 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் இறந்தவரின் வாரிசுக்குரிய பயன்களை வழங்குகின்றன. இவை யாவும் ஒருதடவை கிடைத்து முடிந்துவிடும் தொகைகள். ஈமச் சடங்குச் செலவு, பழைய கடன், வீட்டுத் திருத்தம் ஆகியவற்றில் அவை கரைந்துபோன பின்னர், எட்டு வயதில் தாயை இழந்த பிள்ளை இருபது வயதில் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகையில் கையில் எதுவும் எஞ்சுவதில்லை. விளையும் நிலத்துக்கும் ஒருநாட் சோற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எஞ்சியிருக்கும் ஒரு பெற்றோரின் உழைப்பால் இவ்விடைவெளியை நிரப்ப முடியுமா? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதனை 1,550 ரூபாவாக்கி, மேலும் 200 ரூபாவை வருகைக் கொடுப்பனவாகச் சேர்க்க 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. அவ்வாறு 1,750 ரூபா பெற்று, மாதம் 25 நாட்கள் வேலையும் கிடைத்தால் வருவது 43,750 ரூபா. சேமலாப நிதிக் கழிவும், வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளின் செலவும் போக, தொலைவிலுள்ள பிள்ளைக்கு அனுப்ப மிஞ்சுவது எவ்வளவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கெனவே தொடர்ச்சியான உதவி வழங்கும் ஒரு திட்டம் உண்டு. 1947 இல் நிறுவப்பட்டு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக நடைபெற்றுவரும் இலங்கை தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியமே அது. உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்கலாம். நாடற்றவராகக் கிடந்த காலத்திலும் இம்மக்களின் பிள்ளைகள் பலரைக் கல்வியில் கைதூக்கிவிட்ட நிதியம் அது. அயல்நாடு ஒன்று முக்கால் நூற்றாண்டாகச் செய்துவருவதை, இம்மக்களின் உழைப்பால் வாழும் சொந்த நாடு ஏன் செய்யலாகாது என்பதே எமது கேள்வி.

செய்ய வேண்டியவை

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, கடமையில் வீழ்ந்தோரின் பிள்ளைகளுக்கு முதலாவது பட்டம் அல்லது தொழிற்றகைமை பெறும் வரையிலான கல்வி உதவி, சுற்றுநிருபங்களின் தயவில் விடப்படாமல், தொகையும் காலமும் குறிக்கப்பட்ட உரிமையாகச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். இரண்டாவதாக, அத்தொகை உணவு, தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றின் உண்மையான விலையுடன் ஆண்டுதோறும் சேர்ந்து உயர வேண்டும். மூன்றாவதாக, பரீட்சைத் தாமதங்களாலும் பல்கலைக்கழக மூடல்களாலும் இழந்த ஆண்டுகள் பிள்ளையின் கணக்கில் எழுதப்படலாகாது. நான்காவதாக, யுத்தத்தில் இறந்த பொதுமக்களின் பிள்ளைகளும், தொழிலின்போது இறந்த தொழிலாளரின் பிள்ளைகளும் அதே உரிமைக்குள் கொண்டுவரப்பட வேண்டும். ஐந்தாவதாக, பிள்ளை அலுவலகத்தைத் தேடிச்செல்லும் முறை மாறி, அலுவலகம் பிள்ளையைத் தேடிவரும் முறை ஏற்பட வேண்டும். தந்தை இறந்த நாளிலேயே பிள்ளையின் வயது கோப்பில் எழுதப்படுகின்றது. அப்பிள்ளை உயர்தர வகுப்புக்கு எந்த ஆண்டில் வரும் என்பதைக் கணக்கிடுவது கடினமான காரியமன்று.

அவ்வாறு வரும் கடிதம் பிள்ளையின் மொழியில் வர வேண்டும். நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவு 1999 இல் இருமொழிப் பிரிவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தமிழில் படிவம் கேட்பதும் தமிழில் பதில் பெறுவதும் சலுகையன்று, அரசியலமைப்பு வழங்கிய உரிமை என்பதை இப்பகுதிக் குடும்பங்கள் தயக்கமின்றி நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சமூகத்தின் பங்கும் சிறிதன்று. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பைத்துல்மால் அமைப்புகளும் தமது ஸகாத் நிதியில் ஒரு பகுதியைத் தந்தையை இழந்த வறிய மாணவரின் உயர்கல்விக்கு ஒதுக்குவது பற்றி உலமாக்களின் ஆலோசனையுடன் தீர்மானிக்கலாம். ஆலய பரிபாலன சபைகள் திருவிழாச் செலவில் சிறுபகுதியை இதற்குத் திருப்பலாம். தொழிற்சங்கங்கள் சந்தாவைக் கழிப்பதுடன் நின்றுவிடாமல், தோட்டந்தோறும் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்து, எந்த உதவிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதை எடுத்துச்சொல்ல வேண்டும். பெற்றோரின் தொழிற்பதிவு, மரண அல்லது காணாமற்போனமைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வருமான உறுதிப்பத்திரம் ஆகியவற்றைப் பெறுபேறு வரும் முன்பே ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டாற்கூட, கடைசி நாளில் தவறவிடப்படும் உதவிகள் பல கைக்கு எட்டும்.

கடன் வாங்கியவர் கொடுத்தவரைத் தேடிச்சென்று தீர்ப்பதே ஒழுங்கு. இங்கு கொடுத்தவர் உயிரையே கொடுத்துவிட்டார். அவருக்காகக் கையேந்தி நிற்க வேண்டிய நிலைமை அவரது பிள்ளைக்கு ஏற்படலாகாது. போர்க்களத்தில் வீழ்ந்த சிப்பாயின் மகனும் தேயிலை மலையில் வீழ்ந்த தாயின் மகளும் ஒரே விரிவுரை மண்டபத்தில், அடுத்த மாதச் சாப்பாட்டைப் பற்றிய அச்சமின்றி அமர்ந்திருக்கும் நாளிலேயே அக்கடன் தீரத் தொடங்கியதாகக் கொள்ளலாம்.